ஹேச்சரியில் 2 லட்சத்துக்குப் படித்த பிங் கணக்கு

நான் சிசிடிவி, நெட்வொர்க் வேலை பார்க்கிறவன். பல்லடம், உடுமலை வட்டாரத்தில் சின்னச் சின்ன கம்பெனிகளுக்குக் கேமரா மாட்டுவது, கேபிள் இழுப்பது, சுவிட்ச் மாற்றுவது என்று 12 வருடமாக வண்டி ஓடுகிறது. கூட ஆள் கிடையாது, ஏணி பிடிக்க மட்டும் ஒரு பையன் வருவான். மூன்று வருடத்துக்கு முன்பு முட்டை பொரிக்கும் ஒரு கோழிக்குஞ்சு ஹேச்சரியில், மெசின் நின்றால் போனுக்குச் செய்தி வர வைக்கும் ஒரு வேலையை ஒத்துக்கொண்டு, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் செய்து, அந்த முதலாளிக்கு ஏறக்குறைய 2 லட்ச ரூபாய் நஷ்டம் வரக் காரணமானேன். அப்போது இதைப் பற்றி விளக்கமாகச் சொல்ல எனக்கு யாரும் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் கைடு ஆயிரம் இருக்கிறது. ஆனால் "எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை பிங் அடிக்கலாம்" என்ற கேள்வியை எந்தப் பக்கத்திலிருந்து யோசிக்க வேண்டும் என்பது அவற்றில் எனக்குப் பிடிபடவில்லை. (பிங் என்றால் ஒரு சாதனத்திடம் நெட்வொர்க் வழியாக 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது.) அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஹேச்சரியைப் பற்றிக் கொஞ்சம். முட்டை 18 நாள் செட்டர் என்ற பெரிய அறை மாதிரி இயந்திரத்தில் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் சுற்றுவட்டாரத்தில் இருக்கும். அப்புறம் ஹேச்சருக்கு மாற்றுவார்கள், அங்கே 3 நாள், 21-ஆம் நாள் குஞ்சு. வெளியாட்கள் பலருக்குத் தெரியாத விஷயம், கடைசி நாட்களில் முட்டைக்குச் சூடு கொடுப்பதை விட அதன் சூட்டை வெளியேற்றுவதுதான் பெரிய வேலை. உள்ளே கிட்டத்தட்ட முழுக் குஞ்சு இருக்கிறது, அது தானே வெப்பம் விடும். ஃபேன் நின்றால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். அங்கே 6 செட்டர், 3 ஹேச்சர். ஒவ்வொன்றிலும் ஒரு கன்ட்ரோலர். அவற்றின் ரீடிங்கை எடுத்துவரும் ஆர்எஸ்-485 என்ற வகை வயர்கள் ஒரு கன்வெர்ட்டர் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து நெட்வொர்க் கேபிளாக ஆபீசுக்குப் போகும். மெசின்கள் இருக்கும் ஹாலிலிருந்து ஆபீஸ் 140 மீட்டர். காப்பர் கேபிள் 100 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது என்பதால் நடுவில், ஜெனரேட்டர் ரூம் சுவரில், கேபிள்களை இணைக்கும் ஒரு 8 போர்ட் நெட்வொர்க் சுவிட்ச் வைத்திருந்தேன். அந்தச் சுவிட்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளி என்னை விட 15 வயது மூத்தவர். "ஏங்க தம்பி, மெசின் ஏதாவது நின்னுபோச்சுன்னா போனுக்கு வந்துடுமில்லைங்க?" என்று கேட்டார். "வந்துடும்ங்ணா" என்றேன். 22,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். அவர் கேட்டது மெசின் நிற்பதைப் பற்றி. நான் கொடுத்ததோ நெட்வொர்க் அறுந்தால் வரும் செய்தி. இரண்டும் வேறு என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

ஆபீசில் சும்மா கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, நாகியோஸ் நிறுவினேன். சாதனங்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று கண்காணிக்கும் இலவச மென்பொருள், நன்றாகவே உழைக்கும். அதன் கூட வரும் மாதிரிக் கோப்பில் லினக்ஸ் சர்வருக்கான டெம்ப்ளேட் ஒன்று இருந்தது. அதையே எல்லாச் சாதனங்களுக்கும் ஒட்டிவிட்டு, ஐபி எண்களை மட்டும் மாற்றினேன். செய்தி வர ஒரு டெலிகிராம் பாட். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் 3 மணிக்கு கன்வெர்ட்டர் கேபிளைப் பிடுங்கிவிட்டு டீ குடிக்கப் போனேன். பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் முடித்துத் திரும்பும் போது போனில் செய்தி இருந்தது. எத்தனை நிமிடத்தில் வந்தது என்று பார்க்கவில்லை. வந்துவிட்டது, அதுவே போதும் என்று பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஏப்ரல் மாதம், சனிக்கிழமை ராத்திரி. அதாவது ஞாயிறு விடிகாலை 2:10-க்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது. 2:40-க்குக் கரண்ட் திரும்பி வந்த போது வோல்டேஜ் எப்படி வந்ததோ, இரண்டாம் ஹேச்சரின் ஃபேன் எம்சிபி (கரண்டைத் தானாக வெட்டும் சுவிட்ச்) டிரிப் ஆகி, ஃபேன் நின்றிருக்கிறது. அதே நேரத்தில் என்னுடைய நடு சுவிட்சின் அடாப்டரும் போய்விட்டது. ஹேச்சரிலேயே ஒரு பஸர் உண்டு. கதவைத் திறக்கும் போதெல்லாம் கத்துகிறது என்று யாரோ எப்போதோ அதன் வயரைக் கழற்றிவிட்டிருந்தார்கள். ராத்திரி ஷிப்டில் இருந்த இரண்டு பேரும் தாமதமாக வந்த முட்டை லாரியில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார்கள். 4 மணிக்கு ரீடிங் எழுதப் போன போது 104 டிகிரி காட்டியது.

எனக்குத் தகவல் வந்தது காலை 6:30-க்கு, முதலாளியின் போனில். திட்டவில்லை. "தம்பி, உங்க போனுக்கு ஒண்ணும் வரலீங்களா?" என்று மட்டும் கேட்டார். வரவில்லை. அந்த ஹேச்சரில் 19,200 முட்டை இருந்தது. வழக்கமாக வருவதை விட அன்றைக்கு 7,000 குஞ்சு குறைந்தது. அன்றைய குஞ்சு விலைக்குப் பெருக்கினால் 2 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. ட்ரேயில் பாதி ஓடு உடைத்து நின்றுபோனவற்றைப் பார்த்த பிறகு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வாங்கிய 22,000-ஐத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்ததும், பிறகு வாங்கிக்கொண்டதும் தனிக் கதை.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து லாக் கோப்பைப் படித்தேன். நாகியோஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. நான் சொன்னபடியே செய்திருந்தது, சிக்கலே அதுதான். நான் ஒட்டிய டெம்ப்ளேட்டில் சோதனை இடைவெளி 5 நிமிடம். ஒரு தடவை பதில் வராவிட்டால் 1 நிமிடத்துக்கு ஒரு முறை மறுபடி கேட்கும். 10 தடவை பதில் இல்லை என்றால்தான் "டவுன்" என்று முடிவு கட்டும். அதுவரை அது சந்தேகக் கேஸ், செய்தி போகாது. கணக்குப் போடுங்கள்: சோதனை முடிந்த மறுநொடி சாதனம் செத்தால், அடுத்த சோதனைக்கு 5 நிமிடம், அதுதான் முதல் தோல்வி. மீதி 9 முயற்சிக்கு 9 நிமிடம். 14 நிமிடம். இது தெரியாமலேயே நான் ஒரு டீ நேரத்தை வைத்து "வேலை செய்கிறது" என்று சொல்லியிருக்கிறேன்.

அதை விடப் பெரிய அடி இன்னொரு வரியில் இருந்தது. அந்த லினக்ஸ் டெம்ப்ளேட்டில் செய்தி அனுப்பும் நேரம் "வொர்க்அவர்ஸ்", அதாவது திங்கள் முதல் வெள்ளி, காலை 9 முதல் மாலை 5. பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள்: லினக்ஸ் நிர்வாகிகளை ராத்திரியில் எழுப்பினால் பிடிக்காது, அதனால் பகலில் மட்டும் சொல்கிறோம் என்று. நகைச்சுவையாக, தெளிவாக, யாரும் படிக்கக்கூடிய இடத்தில். நான் படிக்கவில்லை. செவ்வாய் மதியம் 3 மணிக்குச் சோதித்ததால் எல்லாம் சரியாகத் தெரிந்தது. சனி ராத்திரியில் விழுந்த சுவிட்சுக்கு திங்கள் காலை 9 மணிக்குத்தான் செய்தி வந்திருக்கும். நான் ஞாயிறு காலையே அடாப்டரை மாற்றிவிட்டதால் அதுவும் வரவில்லை. எந்த மென்பொருளாக இருந்தாலும் சரி, சோதனை இடைவெளி, மறுமுயற்சி இடைவெளி, எத்தனை முயற்சி, செய்தி எந்த நேரத்தில் போகலாம், இந்த நான்கு எண்களும் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பிடித்து ஒரு தாளில் எழுதுங்கள். இடைவெளியை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

பயந்தவன் அடுத்து என்ன செய்வான்? எல்லாவற்றையும் 10 நொடிக்கு இறக்கினேன், ஒரே ஒரு முயற்சி, பதில் இல்லையென்றால் உடனே செய்தி. இங்கேயும் ஒரு கூத்து. நாகியோஸில் நேர அலகை முடிவு செய்கிற ஒரு எண் இருக்கிறது. வழக்கமாக 60 என்று இருக்கும், அப்போது 5 என்று எழுதினால் 5 நிமிடம். அதை 1 ஆக்கினால் 5 என்பது 5 நொடி. நொடிக்கணக்கு வேண்டுமே என்று அதை மாற்றினேன். ஆனால் அந்த ஒரு மாற்றம் கோப்பில் உள்ள எல்லா எண்ணுக்கும் பொருந்தும் என்பதை யோசிக்கவில்லை. "சரியாகும் வரை 30 நிமிடத்துக்கு ஒரு முறை நினைவூட்டு" என்று நான் எழுதி வைத்திருந்தது 30 நொடிக்கு ஒரு முறை ஆகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி ஆபீஸ் பிரிண்டர் தூங்கப் போனது. பிரிண்டர் தூங்கினால் சில மாடல்கள் பிங்குக்குப் பதில் சொல்லாது. காலையில் எழுந்து பார்த்தால் டெலிகிராமில் ஆயிரத்துச் சொச்சம் செய்தி. அத்தனையும் பிரிண்டர். குரூப்பில் முதலாளியும் இருந்தார்.

அதைச் சரிசெய்த பிறகும் நிம்மதி இல்லை. வைஃபை கேமரா இரண்டு, ஒரு பாக்கெட் தொலைந்தாலே "டவுன்", அடுத்த நொடி "அப்". கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தச் சில நொடியில் சுவிட்சுகள் அணைந்து மறுபடி எழும். சின்ன மேனேஜ்டு சுவிட்ச் எழவே 1, 2 நிமிடம் ஆகும். எழுந்த பிறகும் பழைய ஸ்பானிங் ட்ரீ (கேபிள்கள் சுற்றாக இணைந்துவிடாமல் பார்க்கும் ஏற்பாடு) இயங்கினால் போர்ட் திறக்க இன்னொரு 30 நொடி. ஒரு மின்வெட்டுக்கு 17 சாதனம் "டவுன்", 17 சாதனம் "அப்". இதில் எனக்கு மிகவும் வலித்தது கன்வெர்ட்டர் விஷயம்தான். ஆபீஸ் மென்பொருள் ஏற்கனவே அதனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது. நானும் 10 நொடிக்கு ஒரு தடவை போய் ஒன்பது கன்ட்ரோலரின் வெப்பநிலையையும் கேட்க ஆரம்பித்தேன். ஆர்எஸ்-485 என்பது ஒற்றையடிப் பாதை, ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். நன்றாக இருக்கும் கன்ட்ரோலர் கண் சிமிட்டும் நேரத்தில் பதில் சொல்லிவிடும். ஒன்று பதில் சொல்லவில்லை என்றால், 1 நொடி காத்திருந்து, 3 தடவை கேட்டுப் பார்த்து, பிறகுதான் அடுத்தவரிடம் போக முடியும். ஒரே ஒரு கன்ட்ரோலரை சர்வீசுக்குக் கழற்றினால் மற்ற எட்டும் வரிசையில் நிற்கும். அதற்குள் என்னுடைய அடுத்த 10 நொடிக் கேள்வி வந்து மோதும். விளைவு, நன்றாக இருக்கிற ஹேச்சரை "டவுன்" என்று நானே ஆக்கினேன். அடிக்கடி கேட்பதாலேயே சாதனம் படுத்துவிடும் என்று அதற்கு முன்பு எனக்குத் தெரியாது.

மூன்றாவது வாரம் அந்தக் குரூப்பை மியூட் செய்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லியாக வேண்டும். பஸர் வயரைக் கழற்றியவனை மனதுக்குள் எவ்வளவு திட்டியிருக்கிறேன், நானும் அதையேதான் செய்தேன். மியூட் செய்த ஐந்தாவது நாள் ஹால் சுவிட்ச் உண்மையாகவே செத்தது. செய்தி உடனே வந்திருக்கிறது. நான் பார்த்தது இரண்டு மணி நேரம் கழித்து. அந்த நேரம் ராத்திரி ஷிப்டில் இருந்த அக்கா, ஆபீஸ் ஸ்கிரீனில் ரீடிங் அசையாமல் ஒரே எண்ணில் நிற்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, நேரில் போய் ஒவ்வொரு மெசினாகப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். மெசின் எல்லாம் நன்றாக ஓடியது, நஷ்டம் இல்லை. "ஸ்கிரீன்ல 98.4, 98.4ன்னே நின்னுச்சுங்க தம்பி, அப்படி நிக்காதுங்களே" என்றார். என் கம்ப்யூட்டருக்குத் தெரியாத விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது.

அதற்கப்புறம்தான் மேனேஜரிடம் போய் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். ஃபேன் நின்றால் ஹேச்சர் எத்தனை நிமிடம் தாங்கும்? "பத்து நிமிஷம் பரவால்லைங்க. அதுக்குள்ள கதவைத் திறந்து விட்டுடணும்" என்றார். செட்டரில் புது முட்டை என்றால் அவ்வளவு அவசரம் இல்லை, மெதுவாகத்தான் ஆறும். சரி, 10 நிமிடத்திலிருந்து பின்னோக்கிக் கழித்தோம். ராத்திரி ஆள் எங்கே இருந்தாலும் ஹாலுக்கு வர 4 நிமிடம். வந்து எது என்று பார்த்துக் கதவைத் திறக்க 2 நிமிடம். செய்தி போனில் விழுந்து அதைக் கவனிக்க 1 நிமிடம். மிச்சம் 3. அந்த 3 நிமிடத்துக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். இடைவெளி என்பது நமக்குப் பிடித்த எண் கிடையாது. பொருள் எவ்வளவு நேரம் தாங்கும், ஆள் வர எவ்வளவு நேரம் ஆகும், இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவதுதான் நம்முடையது. எனக்கு இதைப் புரிந்துகொள்ள 7,000 குஞ்சும் ஆறு வாரத்துச் சாயங்காலங்களும் ஆயின.

இப்போது ஹேச்சர்களுக்கும் அவற்றுக்குப் போகும் வழியில் உள்ள சுவிட்சுகளுக்கும் 60 நொடிக்கு ஒரு சோதனை. பதில் இல்லையென்றால் 20 நொடி இடைவெளியில் மறுமுயற்சி, மொத்தம் 3. மிக மோசமான நேரத்தில் விழுந்தாலும் 60 கூட்டல் 40, 100 நொடி. கடைசிச் சோதனை பதிலுக்குக் காத்திருந்து கைவிடுகிற, அதாவது டைம்அவுட் ஆகிற நேரத்தையும் சேர்த்தால் 2 நிமிடத்துக்குள். அந்த டைம்அவுட்டை நிறையப் பேர் கணக்கில் விட்டுவிடுவார்கள், விடாதீர்கள். செட்டருக்கு 2 நிமிடம். கேமராவுக்கு 5 நிமிடம், 1 நிமிட இடைவெளியில் 3 முயற்சி. கைரேகை அட்டெண்டன்ஸ் மெசினுக்கு 15 நிமிடம், அதுவும் ஷிப்ட் மாறும் நேரத்தில் மட்டும், இங்கேதான் அந்த வேலை நேர வரி உண்மையாகப் பயன்படுகிறது. பிரிண்டரைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டேன். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றால் மனிதர்களே கத்துவார்கள்.

எண்களை விட அதிகமாக உதவியது இரண்டு விஷயம். ஒன்று, யாருக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று மென்பொருளுக்குச் சொல்லிவிடுவது. நாகியோஸில் "பேரண்ட்ஸ்" என்ற ஒரு வரி, மற்றவற்றில் வேறு பெயரில் இருக்கும். நடு சுவிட்ச் செத்தால் அதன் பின்னால் இருக்கும் 14 சாதனத்தை "டவுன்" என்று சொல்லாது, "எட்ட முடியவில்லை" என்று தனியாக வைத்துக்கொள்ளும். அந்த வகைக்குச் செய்தி வேண்டாம் என்று அணைத்துவிட்டால் வருவது ஒரே செய்தி: சுவிட்ச் டவுன். இன்னொன்று, சுவிட்சுகளுக்கு ரவுட்டருக்குப் போடுகிற சின்ன 12 வோல்ட் யூபிஎஸ். மூன்று யூபிஎஸ்ஸும் சேர்த்து 5,000 ரூபாய்க்குள் முடிந்தது. கரண்ட் போய் வரும் போது சுவிட்ச் அணைவதே இல்லை என்றால், அந்த 2 நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ளப் பத்து முயற்சி வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. நான் முயற்சியை 10-லிருந்து 3-க்கு இறக்க முடிந்ததே அந்த யூபிஎஸ்ஸால்தான். ஒரு சாதனம் ஏன் அடிக்கடி பொய்யாக விழுகிறது என்று பார்த்துச் சரிசெய்யாமல் இடைவெளியை மட்டும் குறைத்தால் பொய்ச் செய்திதான் வேகமாக வரும்.

அக்கா கண்டுபிடித்த அசையாத 98.4 என்னை ரொம்ப நாள் குடைந்தது. கன்வெர்ட்டர் பிங்குக்குப் பதில் சொல்லும், அதன் பின்னால் ஆர்எஸ்-485 வயர் கழன்றிருந்தாலும் சொல்லும். பிங் வந்தால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். எனவே பிங்கோடு சேர்த்து, ஹேச்சரின் ரீடிங்கையும், அந்த ரீடிங் எப்போது வந்தது என்பதையும் சோதிக்கிறேன். 3 நிமிடத்துக்கு மேல் பழையதாக இருந்தாலோ, 20 நிமிடமாகப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் கூட அசையாமல் இருந்தாலோ செய்தி வரும். ரீடிங் 100-ஐத் தாண்டினால் மறுமுயற்சி எதுவும் இல்லாமல் உடனே. முதலாளி முதல் நாள் கேட்டது இதைத்தான். கன்வெர்ட்டரிடம் ஆபீஸ் மென்பொருள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று கேட்பதையும் நிறுத்தினேன். ஒரே நிரல் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டு ஒரு கோப்பில் எழுதும், மற்றவர்கள் அந்தக் கோப்பைப் படித்துக்கொள்வார்கள்.

நண்பர் ஒருவர், நாம் ஏன் போய்ப் போய்க் கேட்க வேண்டும், சாதனமே சொல்லட்டுமே என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அடாப்டர் செத்த சுவிட்ச் எதையும் சொல்லாது. சாதனமே செய்தி அனுப்பும் எம்க்யூடிடி மாதிரி முறைகளிலும் கடைசியில் ஒரு கடிகாரம் இருக்கிறது: இதற்குள் ஒரு தடவையாவது பேசுவேன் என்று சாதனம் ஒப்புக்கொண்ட கீப்அலைவ் நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு நேரம் சத்தமே இல்லை என்றால், அது போய்விட்டது என்று சர்வர் முடிவு செய்யும். 60 நொடி என்று வைத்தால் 90 நொடி. பேட்டரியில் ஓடித் தூங்கித் தூங்கி எழும் சென்சாருக்கு அது பொருத்தம், பிங் அடித்தால் அது தூங்கிக்கொண்டுதான் இருக்கும். என் இடத்தில் எல்லாம் கரண்டில் ஓடுவதால் பழைய முறையே போதும்.

கடைசியாக விட்டுப்போன ஓட்டை, கண்காணிக்கிற கம்ப்யூட்டரே. அது நின்றால் யார் சொல்வது? இன்டர்நெட் போனால் டெலிகிராம் எப்படிப் போகும்? இதற்கு இரண்டு ஏற்பாடு. அந்தக் கம்ப்யூட்டர் 5 நிமிடத்துக்கு ஒரு முறை வெளியில் நான் வாடகைக்கு எடுத்திருக்கும் சின்ன சர்வருக்கு "இருக்கிறேன்" என்று சொல்லும். 12 நிமிடம் சொல்லாவிட்டால் அங்கிருந்து எனக்குச் செய்தி வரும். ஹால் பக்கத்துக்கு இன்டர்நெட்டே தேவைப்படாத ஒரு ஹூட்டர் (சத்தமான சைரன்), ரிலே வழியாக. ஹேச்சர் சம்பந்தப்பட்டது மட்டும்தான் அதில் அடிக்கும். வேறு எதையும் அதில் இணைக்கச் சொல்லி யார் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு தடவை கேமராவுக்கு அது அடித்துவிட்டால் அப்புறம் அதன் வயரும் கழன்றுவிடும்.

இப்போது மாதம் ஒரு முறை, ராத்திரி ஷிப்டில், எனக்கு முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு வயரைப் பிடுங்கி போன் ஸ்டாப்வாட்சில் நேரம் பார்ப்பது அந்த அக்காவின் வேலை. சனி, ஞாயிறு ராத்திரியாக இருந்தால் இன்னும் நல்லது என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஹேச்சருக்கு இதுவரை அதிகபட்சம் 1 நிமிடம் 50 நொடி. போன மாதம் ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டார், குரலில் கோபம். "வயரைப் புடுங்கி மூணு நிமிசம் ஆச்சுங்க தம்பி, ஹூட்டர் அடிக்கவே இல்லீங்க." எனக்கு வயிற்றைக் கலக்கியது. எந்த வயர் என்று கேட்டேன். நீலக் கலரு என்றார். நீலம் கேமராவுக்குப் போவது. "அது கேமராங்க அக்கா, ஹூட்டர் அடிக்காது. போனைப் பாருங்க, ஏழு நிமிசத்துக்குள்ள வரும்" என்றேன். லைனிலேயே இருந்தார். 6 நிமிடம் 20 நொடியில் இரண்டு பேர் போனும் சேர்ந்து அடித்தது.